குபர்நெட்டிஸ் 1.23-லிருந்து 1.29-க்கு: ஒரே இரவில் தாவலாமா, எந்த வரிசையில் ஏறுவது?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். சொந்த டேட்டாசென்டரில் கியூப்அட்மின் (குபர்நெட்டிஸை நிறுவி மேம்படுத்தும் கருவி) வைத்துக் கட்டிய கிளஸ்டர், அதாவது குபர்நெட்டிஸ் ஒன்றாக நிர்வகிக்கும் மெஷின்களின் தொகுப்பு. அதில் மூன்று கண்ட்ரோல் பிளேன் நோட் (நிர்வாகம் செய்யும் மெஷின்கள்), பதினான்கு வொர்க்கர் (பாட் எனப்படும் கண்டெய்னர் தொகுதிகள் ஓடும் மெஷின்கள்), எல்லாமே 1.23, அடியில் கண்டெய்னர்களை ஓட்டுவது இன்னும் டாக்கர். 1.29-க்குப் போகவேண்டும், மேலாளர் ஒரு ஞாயிறு இரவைத்தான் ஒதுக்கியிருக்கிறார். நேராக 1.29-ஐ நிறுவிவிடலாமா, ஏதாவது சொதப்பினால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்குமே பதில் முடியாது என்பதுதான். கண்ட்ரோல் பிளேனை ஒவ்வொரு மைனர் பதிப்பாகத்தான் (புள்ளிக்குப் பின் வரும் எண்) ஏற்ற முடியும், 1.24, 1.25, 1.26 என்று ஆறு படி. ஏறிய பிறகு இறங்கும் வழி கியூப்அட்மினில் கிடையாது. ஒரு இரவில் ஆறு படியும் ஏற முயலாதீர்கள், மேலாளரிடம் இப்போதே பேசி ஆறு வாரம் கேளுங்கள். வேலையில் பெரும்பகுதி அந்த இரவுகளுக்கு முன்னால், பகலில், எதையும் தொடாமல் செய்ய வேண்டிய கணக்கெடுப்புதான். மேம்படுத்தும் கட்டளைகள் அரை மணி நேர வேலை. நான் பார்த்த அளவில் கிளஸ்டர்கள் விழுந்தது அந்த அரை மணி நேரக் கட்டளைகளால் இல்லை, அவற்றின் மேல் நாம் தொங்கவிட்டிருந்த ஏதோ ஒன்றால்.

ஏன் தாவக்கூடாது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் எல்லாம் மனப்பாடம் செய்யாமலே வந்துவிடும். கிளஸ்டரின் தரவுத்தளமான எட்சிடிக்குள் உங்கள் டெப்லாய்மென்ட், இன்கிரஸ் போன்ற அமைப்புகள் எல்லாம் ஏதோ ஒரு ஏபிஐ பதிப்பின் வடிவத்தில் எழுதப்பட்டுக் கிடக்கின்றன. கோரிக்கைகளை வாங்கி எட்சிடியில் எழுதும் மூன்று ஏபிஐ சர்வர்களில் ஒன்று மட்டும் புதிதாகி மற்ற இரண்டும் பழையதாக இருக்கும் நேரம் கட்டாயம் வரும், அப்போது புதியது எழுதுவதைப் பழையதும் படிக்க முடிய வேண்டும். அதனால்தான் ஒரு புதிய வடிவத்தைக் குபர்நெட்டிஸ் முதலில் ஒரு வெளியீட்டில் படிக்க மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, அதற்குப் பிந்தைய வெளியீட்டில்தான் அந்த வடிவத்தில் சேமிக்கத் தொடங்குகிறது. இந்த உத்தரவாதம் அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்கு இடையில் மட்டும்தான். நடுவில் ஒன்றைத் தாண்டினால் படிக்கத் தெரியாத ஒன்று எட்சிடியில் கிடக்கலாம்.

இதிலிருந்தே திசையும் தெரிகிறது. எல்லாரும் ஏபிஐ சர்வரோடுதான் பேசுகிறார்கள், அதனால் அதுதான் எப்போதும் முன்னால் போகவேண்டும், வேறு எந்தப் பகுதியும் அதைவிடப் புதிதாக இருக்கக்கூடாது. உயர்கிடைப்பு அமைப்பில் ஏபிஐ சர்வர்களுக்குள் ஒரு மைனர் வித்தியாசம்தான் இருக்கலாம். கண்ட்ரோல் பிளேனின் மற்றப் பகுதிகளான கண்ட்ரோலர் மேனேஜரும் ஷெட்யூலரும் ஒரு மைனர் பின்தங்கலாம். ஒவ்வொரு நோட்டிலும் பாட்களை ஓட்டும் கியூப்லெட் முன்பு இரண்டு மைனர் பின்தங்கலாம் என்று இருந்தது, 1.28-லிருந்து அதை மூன்றாக்கினார்கள். கியூப்சிடிஎல் மட்டும் முன்னும் பின்னும் ஒரு மைனர் போகலாம், அது வெளியே நின்று பேசும் கருவி.

இந்தக் கியூப்லெட் தளர்வு உங்களுக்கு ஆசை காட்டும். கண்ட்ரோல் பிளேனை வேகமாக ஏற்றிவிட்டு வொர்க்கர்களைக் கடைசியில் ஒரே தடவையாக மாற்றலாமே என்று தோன்றும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: குபர்நெட்டிஸின் பொதுக் கொள்கை இரண்டு மைனர் அனுமதித்த காலத்திலும் கியூப்அட்மின் தன்னளவில் ஒரு மைனர் பின்தங்கிய கியூப்லெட்டைத்தான் ஏற்றுக்கொண்டது, பிந்தைய பதிப்புகளில்தான் அது மூன்றாகத் தளர்ந்தது. அதனால் 1.23-இல் நிற்கும் வொர்க்கர்களோடு 1.25-க்குப் போகப் பார்த்தால் கியூப்லெட்டுகள் மிகப் பழையவை என்று நிறுத்திவிடும். கட்டாயப்படுத்தும் ஃபோர்ஸ் கொடியைப் போட்டுத் தாண்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தக் கொடி மற்ற எச்சரிக்கைகளையும் சேர்த்து விழுங்கிவிடும். உங்கள் கணக்கு இப்படித்தான்: 1.27 வரை ஒவ்வொரு படியிலும் வொர்க்கர்களும் கூடவே ஏறவேண்டும், அதற்குப் பிறகு கண்ட்ரோல் பிளேனை 1.28, 1.29 என்று ஏற்றிவிட்டு வொர்க்கர்களை 1.27-லிருந்து நேராக 1.29-க்குக் கொண்டுவரலாம். பதினான்கு நோட்டுக்கும் ஒரு சுற்று டிரெயின் (பாட்களை வேறு நோட்டுக்கு அனுப்பி நோட்டைக் காலி செய்வது) மிச்சமாகும். சின்ன லாபம்தான், ஆனால் பெரிய டேட்டாபேஸ் பாட்கள் இருக்கும் இடத்தில் ஒரு சுற்று என்பது ஒரு முழு இரவு.

சரி, இப்போது உங்கள் பாதையில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதல் பெரிய தடை 1.24. டாக்கர்ஷிம் அந்தப் பதிப்பில் நீக்கப்பட்டது, அதாவது கியூப்லெட்டுக்கு இனி டாக்கரோடு நேரடியாகப் பேசத் தெரியாது. நீங்கள் டாக்கரில் கட்டிய இமேஜ்களுக்கு ஒன்றும் ஆகாது, அவை டாக்கருக்குப் பதிலாகக் கண்டெய்னர்களை ஓட்டும் கண்டெய்னர்டியிலும் அப்படியே ஓடும். ஆனால் 1.24-ஐத் தொடும் முன்பே, 1.23-இல் இருக்கும்போதே, எல்லா நோட்டையும் கண்டெய்னர்டிக்கு மாற்றி ஒரு வாரமாவது ஓடவிடுங்கள். இரண்டு மாற்றத்தை ஒரே இரவில் செய்தால் எது உடைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மாற்றும்போது கண்டெய்னர்டி 1.6 அல்லது அதற்குப் பிந்தையதைப் போடுங்கள், 1.26-லிருந்து கியூப்லெட் பழைய வகை இடைமுகத்தை ஏற்பதில்லை, 1.5 வரையிலான கண்டெய்னர்டியோடு அது கிளம்பவே கிளம்பாது. பாட்களுக்கு நினைவக வரம்பு போன்றவற்றை வைக்கும் சிகுரூப் டிரைவர் கியூப்லெட்டிலும் கண்டெய்னர்டியிலும் ஒன்றாக, சிஸ்டம்டி என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு நோட்டிலும் கியூப்அட்மின் எழுதிவைத்த கியூப்லெட் கொடிகள் கோப்பு ஒன்று இருக்கும், அதில் கண்டெய்னர் ரன்டைம் ரிமோட் என்ற பழைய கொடி ஒட்டிக்கொண்டிருக்கலாம். 1.27-இல் அந்தக் கொடியையே எடுத்துவிட்டார்கள், தெரியாத கொடி என்று சொல்லிக் கியூப்லெட் எழுந்திருக்காது. நோட்டுக்கு நோட் திறந்து பாருங்கள். நோட்டிலுள்ள டாக்கர் சாக்கெட்டை (டாக்கரோடு பேசும் கோப்பு) ஹோஸ்ட் பாத்தாக மவுண்ட் செய்திருக்கும் பாட்களையும் தேடுங்கள், லாக் சேகரிப்பான்களிலும் சிஐ ரன்னர்களிலும் இது நிறைய இருக்கும்.

அதே 1.24-இல் இன்னொரு மாற்றம் பார்க்கச் சின்னது, நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். கண்ட்ரோல் பிளேன் நோட்களில் இருந்த மாஸ்டர் என்ற லேபிளைக் கியூப்அட்மின் எடுத்துவிடுகிறது, இனி கண்ட்ரோல் பிளேன் என்ற லேபிள் மட்டும்தான். 2023 மார்ச் 14 அன்று ரெடிட் 314 நிமிடம் படுத்துக்கிடந்தது இதனால்தான். பழைய கிளஸ்டர் ஒன்றை 1.23-லிருந்து 1.24-க்கு ஏற்றினார்கள், உங்களுடைய அதே படி. பாட்களை இணைக்கும் காலிகோ என்ற அவர்களுடைய நெட்வொர்க்கில் ரூட் ரிஃப்ளெக்டர்கள் (மற்ற நோட்களுக்கு வழித்தடம் அறிவிப்பவை) எவை என்பதை மாஸ்டர் லேபிளை வைத்துத் தேர்ந்தெடுக்கும்படி என்றோ யாரோ அமைத்திருந்தார்கள். லேபிள் போனது, ரிஃப்ளெக்டர்கள் என்று எதுவுமே பொருந்தவில்லை, நோட்களுக்குள் வழித்தடம் அறிவிப்பது நின்றது, கிளஸ்டர் முழுக்க நெட்வொர்க் போனது. கடைசியில் பேக்கப்பிலிருந்து மீட்டார்கள். அந்தக் குழு திறமையானது, அந்த மாற்றம் வெளியீட்டுக் குறிப்பில் எழுதப்பட்டும் இருந்தது. ஆனால் குறிப்பில் இருக்கும் ஒரு வரி தங்கள் கிளஸ்டரில் எங்கே இடிக்கும் என்று தெரிய, தங்கள் கிளஸ்டரில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் உங்கள் கிட் களஞ்சியத்திலும், ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரிலும், இரண்டு இடத்திலும் மாஸ்டர் என்ற சொல்லைத் தேடுங்கள். நோட் செலக்டர், அஃபினிட்டி (பாட் எந்த நோட்டில் ஓடலாம் என்ற விதிகள்), காலிகோ போன்ற கஸ்டம் ரிசோர்ஸ்கள், கண்காணிப்பு விதிகள் எல்லாவற்றிலும். டாலரேஷனையும் (நோட்டில் போட்ட டெயின்ட் என்ற தடையைப் பொறுத்துக்கொள்ளும் அனுமதி) மறக்காதீர்கள்: 1.24-இல் கண்ட்ரோல் பிளேன் என்ற டெயின்ட் புதிதாகச் சேர்கிறது, மாஸ்டர் டெயின்டை மட்டும் பொறுத்துக்கொள்ளும் டீமன்செட் (நோட்டுக்கு ஒன்றாக ஓடும்) பாட்கள் அந்த நோட்களில் மறுபடி ஏறாது. கிட்டில் மட்டும் தேடினால் போதாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரி அமைப்புகள் பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு முன் யாரோ கையால் போட்டுவிட்டுப் போனவை.

இன்னும் ஒன்று, 1.24-லிருந்து சர்வீஸ் அக்கவுண்ட் (நிரல்கள் கிளஸ்டரோடு பேசப் பயன்படும் கணக்கு) உருவாக்கினால் அதற்கான டோக்கன் சீக்ரெட் தானாக வராது. பழைய டோக்கன்கள் வேலை செய்யும், ஆனால் புதிய சர்வீஸ் அக்கவுண்ட் உருவாக்கி அதன் சீக்ரெட்டை எடுத்துப் பைப்லைனுக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால் அது உடையும்.

1.25-இல், பாட் என்ன செய்யலாம் என்று கட்டுப்படுத்திய பாட் செக்யூரிட்டி பாலிசி முழுவதுமாகப் போகிறது. நீங்கள் அதைப் பயன்படுத்தவில்லை என்றாலும் ஒரு தடவை பாருங்கள்: ஏபிஐ சர்வரின் அட்மிஷன் பிளகின் (கோரிக்கைகளை ஏற்கும் முன் சோதிப்பவை) பட்டியலில் அதன் பெயர் விடுபடாமல் இருந்தால் 1.25 ஏபிஐ சர்வர் தெரியாத பிளகின் என்று சொல்லி எழுந்திருக்காது. ஏபிஐ சர்வரை ஓட்டும் விவரம் உள்ள மேனிஃபெஸ்ட் கோப்பில் மட்டும் நீக்கினால் போதாது, கியூப்அட்மின் தன் அமைப்பை வைத்திருக்கும் கான்ஃபிக்மேப்பிலும் நீக்கவேண்டும், ஏனென்றால் அடுத்த மேம்படுத்தலில் அதிலிருந்துதான் மேனிஃபெஸ்ட்டைப் புதிதாக எழுதும். கிரான்ஜாபுக்கும் (நேரம் குறித்து ஓடும் வேலை) பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டுக்கும் (ஒரே நேரத்தில் எத்தனை பாட்களை நிறுத்தலாம் என்ற வரம்பு) இருந்த பீட்டா ஏபிஐகளும் 1.25-இல் போகின்றன. சுமைக்கேற்பப் பாட் எண்ணிக்கையை மாற்றும் ஹரிசாண்டல் பாட் ஆட்டோஸ்கேலரின் முதல் பீட்டா 1.25-இல், இரண்டாம் பீட்டா 1.26-இல் போகின்றன. 1.22-இல் இன்கிரஸின் பீட்டா ஏபிஐ நீக்கப்பட்டதை நீங்கள் ஏற்கனவே கடந்துவிட்டீர்கள், அதே மாதிரிதான் இதுவும்.

பழைய ஏபிஐயை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கியூப்சிடிஎல் வைத்து ஒரு கிரான்ஜாபைப் பார்த்தால் அது அழகாக வி1 என்று காட்டும், அப்பாடா எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். ஏபிஐ சர்வர் எந்த வடிவத்தில் கேட்டாலும் மாற்றித் தரும், அதனால் அந்த விடை எதையும் நிரூபிக்காது. பிரச்சினை எட்சிடியில் கிடக்கும் பொருளில் இல்லை, அதை மறுபடி அனுப்பப் போகும் பைப்லைன், ஹெல்ம் சார்ட் (ஹெல்ம் கருவி நிறுவும் தொகுப்பு), ஆப்பரேட்டர் (கிளஸ்டருக்குள் ஓடி மற்றவற்றை நிர்வகிக்கும் நிரல்) ஆகியவற்றில்தான். சரியான இடம் ஏபிஐ சர்வரின் மெட்ரிக்ஸ்: காலாவதியாகப் போகும் ஏபிஐகளை யாராவது கேட்டால் பதிவாகும் அளவீடு ஒன்று 1.19-லிருந்து இருக்கிறது, எந்தப் பதிப்பில் நீக்கப்படும் என்பதையும் சேர்த்தே காட்டும். யார் கேட்டது என்று தெரிய ஆடிட் லாகில் காலாவதிக் குறிப்பு உள்ள வரிகளைப் பாருங்கள், பயனர் பெயரும் கருவியின் பெயரும் இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை ஓடும் வேலைகள் இருந்தால் ஒரு மாத லாகையாவது பாருங்கள். கோப்புகளைச் சோதிக்க புளூட்டோ, கியூப் நோ டிரபிள் ஆகிய இரண்டு கருவிகளும் நன்றாக இருக்கின்றன.

ஹெல்ம் தனிக்கதை. ஹெல்ம் தான் கடைசியாக நிறுவிய மேனிஃபெஸ்ட்டைக் கிளஸ்டருக்குள்ளேயே ஒரு சீக்ரெட்டில் வைத்திருக்கும், அடுத்த முறை அப்கிரேட் செய்யும்போது அந்தப் பழையதோடு ஒப்பிடும். அதில் நீக்கப்பட்ட ஏபிஐ இருந்தால், உங்கள் புதிய சார்ட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அப்கிரேட் தோற்கும். கிளஸ்டரை ஏற்றும் முன்பே திருத்திய சார்ட்டை ஒரு முறை டெப்லாய் செய்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. பிந்திவிட்டால் மேப் கியூப் ஏபிஐஸ் என்ற ஹெல்ம் பிளகின் அந்தச் சீக்ரெட்டைத் திருத்தித் தரும்.

எட்சிடிக்கு வருகிறேன். 1.23-இன் ஆரம்ப வெளியீடுகளோடு கியூப்அட்மின் நிறுவியது எட்சிடி 3.5.1. 3.5.0-லிருந்து 3.5.2 வரை, எட்சிடி திடீரென்று கொல்லப்பட்டால் உறுப்பினர்களுக்குள் தரவு வேறுபட்டுப்போகக்கூடிய பிழை இருந்தது, 3.5.3-இல் சரிசெய்தார்கள். உங்களுடையது எது என்று இன்றைக்கே பாருங்கள். ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு முன் மூன்று உறுப்பினர்களும் ஆரோக்கியமாக, ஒரே தரவோடு இருக்கிறார்களா என்று உறுதிசெய்யுங்கள், கெட்ட தரவை ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்து என்ன பயன். ஸ்னாப்ஷாட்டோடு குபர்நெட்டிஸ் சான்றிதழ்கள் இருக்கும் கோப்புறையையும் சேர்த்து வெளியே ஓரிடத்தில் வையுங்கள். மிக முக்கியமானது, அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு தனி மெஷினில் மீட்டுப் பாருங்கள். இதுவரை மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பி நான் எந்த இரவையும் தொடங்கியதில்லை.

திரும்பிப் போவது பற்றிய கேள்விக்கு முழு விடை இதுதான். கண்ட்ரோல் பிளேன் நோட் ஒன்றை ஏற்றும்போது நடுவில் புதிய பாட் எழவில்லை என்றால் கியூப்அட்மின் தானே பழைய மேனிஃபெஸ்ட்டைத் திரும்பப் போட்டுவிடும், அந்த அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. எல்லாம் வெற்றிகரமாக முடிந்து மறுநாள் மதியம் ஏதோ உடைந்தது தெரிந்தால், பழைய பதிப்போடு எட்சிடி ஸ்னாப்ஷாட்டை மீட்பதுதான் வழி. அப்படி மீட்டால் இடையில் நடந்த எல்லாம் மறக்கப்படும்: புதிதாக உருவான வால்யூம்கள், மாறிய சீக்ரெட்கள், நகர்ந்த பாட்கள். டிஸ்க்கில் இருப்பது ஒன்று, எட்சிடி நினைப்பது இன்னொன்று என்றாகும். அதனால் பெரும்பாலும் முன்னோக்கிச் சரிசெய்வதுதான் நல்லது, உடைந்த அந்த ஒன்றைச் சரிசெய்யுங்கள். ஸ்னாப்ஷாட் வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

டிரெயின் செய்யும்போது வரும் இரண்டு தொல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பிரதி வைத்திருக்கும் டெப்லாய்மென்ட்டுக்குக் குறைந்தது ஒன்று இருக்கவேண்டும் என்று டிஸ்ரப்ஷன் பட்ஜெட் போட்டிருப்பார்கள், டிரெயின் முடிவில்லாமல் காத்திருக்கும். முந்தின நாளே அனுமதிக்கப்பட்ட இடையூறு சுழியம் என்று காட்டும் பட்ஜெட்களைப் பட்டியலிட்டு அந்தந்தக் குழுவோடு பேசி முடியுங்கள், இரவு இரண்டு மணிக்கு அவர்களை எழுப்ப வேண்டாம்.

இரண்டாவது அட்மிஷன் வெப்ஹுக். நான் முன்பு வேலை செய்த இடத்தில் இது எனக்கே நடந்தது. பாட் உருவாகும்போதெல்லாம் ஒரு வெப்ஹுக் கேட்கப்படும், அது பதில் சொல்லாவிட்டால் பாட்டை மறுக்கவேண்டும் என்று அமைத்திருந்தோம். வெப்ஹுக்கின் இரண்டு பாட்களும் ஒரே நோட்டில் இருந்தன, அந்த நோட்டை டிரெயின் செய்தேன். புதிய இடத்தில் அந்த வெப்ஹுக் பாட் உருவாக வெப்ஹுக்கின் அனுமதி தேவை, அனுமதி கொடுக்க வெப்ஹுக் உயிரோடு இல்லை. நாற்பது நிமிடம் கிளஸ்டரில் ஒரு பாட்டும் புதிதாக எழவில்லை, நான் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். வெப்ஹுக் அமைப்பை நீக்கிய நொடியில் எல்லாம் எழுந்தன. அன்றிலிருந்து மேம்படுத்தும் முன் எல்லா வெப்ஹுக்குகளையும் பார்ப்பேன்: தன்னுடைய நேம்ஸ்பேஸையும் கியூப் சிஸ்டத்தையும் விலக்கியிருக்கிறதா, பாட்கள் வெவ்வேறு நோட்டில் இருக்கின்றனவா, அதன் பதிப்பு நாம் போகும் பதிப்பை ஆதரிக்கிறதா.

ஆதரவு என்றதும், உங்கள் துணைக் கூறுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருத்த அட்டவணை உண்டு. காலிகோ, இன்கிரஸ் கண்ட்ரோலர், செர்ட் மேனேஜர், சிஎஸ்ஐ டிரைவர் (ஸ்டோரேஜை இணைப்பது), மெட்ரிக்ஸ் சர்வர், ஆட்டோஸ்கேலர். 1.23-க்கும் 1.29-க்கும் சேர்த்து ஒரே காலிகோ பதிப்பு பொருந்தாது, நடுவில் ஓரிரு முறை அதையும் ஏற்றவேண்டும். ஒரு தாளில் நெடுக்காகப் பதிப்புகள், குறுக்காகக் கூறுகள் என்று கட்டம் போட்டு, எந்தப் படியில் எதை ஏற்றவேண்டும் என்று எழுதுங்கள். கூறு பழைய குபர்நெட்டிஸையும் அடுத்ததையும் ஆதரிக்கும் பதிப்புக்கு முதலில் ஏறவேண்டும், பிறகுதான் கிளஸ்டர்.

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் சேர்த்து மாற்றப்போகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்குப் போனால் சிகுரூப் இரண்டாம் பதிப்பு இயல்பாக வரும், பழைய ஜாவாவுக்கு அதில் நினைவக வரம்பைப் படிக்கத் தெரியாது. நோட்டின் மொத்த நினைவகத்தையும் தன்னுடையது என்று நினைத்து வளர்ந்து பாட் கொல்லப்படும். ஜாவா 8 என்றால் 372-ஆம் புதுப்பிப்பு, ஜாவா 11 என்றால் 11.0.16, அதற்குக் கீழே இருக்கும் இமேஜ்களை முதலில் மாற்றுங்கள். இது குபர்நெட்டிஸ் பிரச்சினையே இல்லை, ஆனால் அதே வாரத்தில் நடந்தால் பழி அதன் மேல்தான் விழும்.

பேக்கேஜ் எங்கிருந்து எடுப்பது என்பதும் மாறிவிட்டது. உங்கள் நோட்களில் எழுதியிருக்கும் பழைய ஆப்ட் களஞ்சியம் 2023 செப்டம்பரில் உறைந்து, 2024 மார்ச்சில் எடுக்கப்பட்டது. புதியதில் ஒவ்வொரு மைனர் பதிப்புக்கும் தனி முகவரி, 1.24-லிருந்து கிடைக்கிறது, ஒவ்வொரு படியிலும் அந்த வரியை மாற்றவேண்டும். இமேஜ் களஞ்சியமும் அப்படித்தான், பழையது 2023 ஏப்ரல் 3-லிருந்து புதிதாக எதையும் வாங்குவதில்லை. உங்கள் கான்ஃபிக்மேப்பில் பழைய முகவரி கையால் எழுதப்பட்டிருந்தால் திருத்துங்கள்.

ஒரு படியின் இரவு எப்படிப் போகும் என்றால், ஸ்னாப்ஷாட், முதல் கண்ட்ரோல் பிளேன் நோட்டில் புதிய கியூப்அட்மின், அதன் திட்டம் காட்டும் கட்டளையின் வெளியீட்டை முழுதாகப் படிப்பது, பிறகு அப்ளை. அந்த நோட்டை டிரெயின் செய்து கியூப்லெட்டையும் ஏற்றி, மறுபடி திறந்துவிட்டு, பத்து நிமிடம் சும்மா பாருங்கள். அப்புறம் மற்ற இரண்டும் ஒவ்வொன்றாக. வொர்க்கர்களில் முதலில் ஒன்று மட்டும், முடிந்தால் முக்கியமில்லாத பாட்கள் இருக்கும் நோட், அதை ஒரு நாள் ஓடவிட்டு மறுநாள் மற்றவை. கியூப்லெட்டை மைனர் பதிப்பு மாற்றும்போது டிரெயின் செய்யாமல் ஏற்றாதீர்கள். பேக்கேஜ்களை மறுபடி ஹோல்டில் போடுங்கள், இல்லையென்றால் யாரோ ஓட்டும் சாதாரண ஆப்ட் அப்கிரேட் ஒன்று கியூப்லெட்டை ஏபிஐ சர்வருக்கு முன்னால் கொண்டுபோய்விடும்.

ஒரு சின்ன நன்மையும் உண்டு: கியூப்அட்மின் சான்றிதழ்களின் ஆயுள் ஒரு வருடம், ஒவ்வொரு மேம்படுத்தலும் அவற்றைப் புதுப்பித்துவிடும். இவ்வளவு நாள் 1.23-லேயே நிற்கிறீர்கள் என்றால் உங்கள் குழுவில் யாரோ கையால் புதுப்பித்து வந்திருக்கிறார், அவர் யார் என்று கண்டுபிடியுங்கள், கையால் போட்ட மற்ற விஷயங்களும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒரு மாற்று யோசனை. 1.23-க்கு 2023 பிப்ரவரியோடு ஆதரவு முடிந்தது, 1.29-க்கும் 2025 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. ஆறு படி ஏறியும் நீங்கள் ஆதரவு இல்லாத பதிப்பில்தான் நிற்பீர்கள், 1.29-ஐ இளைப்பாறும் இடமாக மட்டும் எண்ணுங்கள். உங்கள் பாட்கள் பெரும்பாலும் ஸ்டேட் இல்லாதவை (தமக்கென்று தரவு வைத்திருக்காதவை), எல்லாம் கிட்டிலிருந்து மறுபடி நிறுவக்கூடியவை என்றால், நான்கைந்து மெஷின் கூடுதலாக வாங்கி, இன்று ஆதரவில் உள்ள பதிப்பில் புதிய கிளஸ்டர் கட்டி, டிராஃபிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவேன். அதில் உண்மையான ரோல்பேக் இருக்கிறது: லோட் பேலன்சரைத் திருப்பினால் போதும். டேட்டாபேஸ்கள் லோக்கல் டிஸ்க்கில் இருக்கின்றன என்றால் படிப்படியாக ஏறுவதுதான் வழி. எது என்று முடிவெடுக்க, தரவு வைத்திருக்கும் உங்கள் ஸ்டேட்ஃபுல்செட்களின் பட்டியலையும் அவற்றின் ஸ்டோரேஜ் கிளாஸையும், எட்சிடி பதிப்பையும், மாஸ்டர் என்று தேடியதில் வந்த விடையையும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.